மூன்றாண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இளைஞர் நற்பணி மன்றம் நடத்துகிறோம். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, ஜூனில் நோட்டுப் புத்தகம், நடுவில் ரத்ததான முகாம் என்று ஓடுகிறது. உதவ முன்வந்த அறக்கட்டளை ஒன்று மூன்று ஆண்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: அவர்கள் தந்த படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நோக்கம், தொலைநோக்கு என்று நிரப்ப உட்கார்ந்தால் எந்த ஊருக்கும் பொருந்துகிற வாக்கியங்கள்தான் வரும். உங்கள் மன்றத்துக்கு யார் வருவதில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. அந்த வயதுக்காரர்களைத் தெருத் தெருவாக எழுதிப் பாருங்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள், பெங்களூரில் தங்கி வேலை பார்ப்பவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். பக்கத்திலேயே உங்கள் உறுப்பினர் பட்டியலை வையுங்கள். பல ஊர்களில் அது ஒரே தெரு, ஒரே சாதிப் பையன்களின் பட்டியலாக இருக்கும். உங்கள் ஊரிலும் அப்படி என்றால் திட்டத்தின் முதல் வேலை அதை மாற்றுவதுதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், விட்டுப்போனவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பெண்களிடம் பேசப் பெண்களே போகட்டும். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் ஜிம், கிரவுண்ட் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். 'போன மாதம் எதற்காக அலைந்தீர்கள்' என்று கேளுங்கள். சாதிச் சான்றிதழ், பிஎஃப் பணம், அரியர் பேப்பர், சாயங்கால பஸ் என்று உண்மை வெளியே வரும்.

வந்ததில் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். உதாரணமாக, 'பிளஸ் டூ முடித்த எந்தப் பெண்ணும் பணமில்லாமல் படிப்பை நிறுத்தக் கூடாது.' இந்த ஆண்டு எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேர் மேலே சேர்ந்தார்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதையே எண்ணுங்கள். எத்தனை முகாம் நடத்தினோம் என்ற கணக்கைவிட இதுதான் பேசும். இதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பம் போட்டார்களா, வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று கூடவே நிற்க ஆள்தான் வேண்டும்.

அந்த வேலை ரிசல்ட் வரும் மே மாதத்தை ஒட்டி விழும். அதே மாதம் வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் கூட்டம் போட்டால் யாரும் வர மாட்டார்கள். ஆனால் வெளியூரில் இருப்பவர்களை வீட்டிலேயே பிடித்துப் பேச அதுதான் நேரம். மார்ச் தேர்வு மாதம், அதில் எதையும் வைக்காதீர்கள்.

செயலாளருக்கு வேலை கிடைத்தால் மன்றமே நின்றுவிடும் ஊர்கள் உண்டு. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆளை இப்போதே சேருங்கள், அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். பதிவு இன்னும் செய்யவில்லை என்றால், 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும்.

பஸ், விளையாட்டுத் திடல் போல உங்கள் கைக்கு மீறியவற்றைத் தனியாக எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கக் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் முன்கூட்டியே தெரியும் என்பதால் திட்டத்திலேயே குறித்துவிடலாம்.

எழுதும்போது முதல் ஆண்டை மாதவாரியாக எழுதுங்கள். இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பக்கம் போதும், மூன்றாம் ஆண்டுக்குச் சில வரிகள். முதல் ஆண்டுக் கணக்கைப் பார்த்த பிறகு மீதியை எழுதுவோம் என்று அறக்கட்டளையிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.