முகூர்த்தத் தேதி மாறியது, அட்வான்ஸ் மட்டும் திரும்பவில்லை

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு பியூட்டி பார்லர் புக்கிங் பற்றியவை. ரத்து செய்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதுதான் நான்கிலும் வழக்கு. வாடிக்கையாளர் மூவர், கடை நடத்துபவர் ஒருவர். நால்வர் பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் தங்கையின் திருமணம் தை மாதம் நடப்பதாக இருந்தது. ஆவணியிலேயே ஒரு மேக்கப் கலைஞரைப் பேசி முடித்தோம். வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் ஒப்பனை, பூ ஜடை, புடவை கட்டிவிடுவது எல்லாம் சேர்த்து ரூ.45,000. அட்வான்ஸாக ரூ.20,000 யுபிஐ மூலம் அனுப்பினோம். ஐப்பசியில் மாப்பிள்ளை வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்ததால் திருமணத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்தோம். அன்றே அவருக்குத் தெரிவித்தோம். வைகாசியில் நாங்கள் சொன்ன தேதி அவருக்கு ஏற்கெனவே புக் ஆகிவிட்டதாம். பணத்தைக் கேட்டால், "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று அப்போதே மெசேஜ் அனுப்பினேனே" என்கிறார். அந்த மெசேஜ் வந்தது நாங்கள் பணம் கட்டிய மறுநாள். நடுவில் ஒரு நாள் ட்ரையல் மேக்கப் செய்து பார்த்தது உண்மை. தை முகூர்த்தமும் கடந்துவிட்டது. பணம் கிடைக்குமா? — தஞ்சாவூர் வாசகி

பதில்: பெரும்பகுதி கிடைக்க வேண்டும். முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74ஆவது பிரிவு இதற்கானது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டாலும், அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம். 1963இலும் பிறகு 2015இலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடிகிற இடத்தில் காட்டியாக வேண்டும். இழப்பே இல்லாத இடத்தில் முன்பணத்தை அப்படியே விழுங்கிக்கொள்ள முடியாது. அந்த வழக்குகள் நிலம், மனை தொடர்பானவை. ஆனால் அவை விளக்கிய பிரிவு மேக்கப் ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் ரத்து செய்ததால் அவருக்கு என்ன நஷ்டம்?

ரத்து செய்தது எப்போது என்பதை வைத்தே இதற்குப் பதில் மாறும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நீங்கள் ரத்து செய்திருந்தால் நான் அவர் பக்கம் பேசியிருப்பேன். அதற்குள் பூக்காரரிடம் ஜடைக்கு மல்லிகையும் கனகாம்பரமும் சொல்லியாகிவிட்டிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டிய உதவியாளருக்குக் கூலி பேசியாகிவிட்டிருக்கும். அதே நாளில் தேடி வந்த வேறு இரண்டு மணப்பெண்களை அவர் திருப்பி அனுப்பியிருப்பார். அந்த நிலையில் ரூ.20,000 கூட அவருக்குப் போதாமல் போகலாம். நீங்களோ ஐப்பசியிலேயே சொல்லிவிட்டீர்கள். தை முகூர்த்தத்துக்கு ஆள் தேடி அலைகிற வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியாதா? கையில் ஏறக்குறைய மூன்று மாத அவகாசம் இருந்தது.

அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த முகூர்த்த நாளில் வேறொரு மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்த படம் இருந்தால், தேதியோடு சேமித்து வையுங்கள். உங்களுக்காக ஒதுக்கிய நாளில் அவர் வேறிடத்தில் சம்பாதித்துவிட்டார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்து, அந்த மெசேஜ். நிபந்தனை என்பது பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டியது. நீங்கள் ஒப்புக்கொண்டு பணமும் அனுப்பிய பிறகு, மறுநாள் ஒருதலையாக ஒரு வரியை அனுப்பிவிட்டு அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது. முன்பணத்தைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை தெளிவாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவேளை பணம் கட்டும் முன்பே அச்சடித்த படிவத்தில் அந்த வரி இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் உங்கள் நிலை சற்றுப் பலவீனமாகியிருக்கும். அப்போதும் 74ஆவது பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்.

உங்களுக்குச் சாதகமில்லாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். துக்கம் நேர்ந்தது என்பதால் மட்டும் ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போய்விடாது. நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் ஒப்பந்தம் அப்படிச் செல்லாததாகும். நீங்கள் தேதியை மாற்றிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது, ட்ரையல் மேக்கப். மணப்பெண்ணை உட்கார வைத்து, தோலின் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனைத் தேடி, இரண்டு மூன்று விதமாகக் கொண்டை போட்டுக் காட்டுவதற்கு அரை நாள் போய்விடும். அந்த உழைப்புக்கு அவருக்குக் கூலி சேர வேண்டும். ட்ரையலுக்கு மட்டும் மற்றவர்களிடம் அவர் என்ன வாங்குகிறாரோ அதைக் கழித்துக்கொள்ளலாம். புக்கிங்கைப் பதிவு செய்து மாற்றிய சிரமத்துக்கும் சிறு தொகை போகட்டும். ரூ.5,000 பிடித்துக்கொண்டு ரூ.15,000 திருப்பித் தருவது இரு தரப்புக்கும் கௌரவமான முடிவு என்பது என் கருத்து.

தொலைபேசியில் சண்டை போடாமல் ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "இந்தத் தேதியில் ரூ.20,000 முன்பணம் செலுத்தினோம். திருமணத் தேதி மாறியதை இந்த நாளில் தெரிவித்துவிட்டோம். ட்ரையல் ஒப்பனைக்கான கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை 15 நாட்களுக்குள் தர வேண்டுகிறோம். அதற்கு மேல் இழப்பு ஏற்பட்டிருந்தால் அதன் விவரத்தையும் ரசீதுகளையும் அனுப்பவும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இழப்பைக் காட்டும் பொறுப்பு அவருடையது என்பதை அது நினைவூட்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரையான சேவைக்குத் தாக்கல் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதை அதே சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. ஆனால் அந்தத் தலைப்பில் புகார் கொடுத்தால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ரூ.15,000-க்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற தலைப்புகளில் மாவட்ட ஆணையத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: மதுரையில் மூன்று நாற்காலிகளோடு சிறிய பார்லர் நடத்துகிறேன். ஸ்மூத்தனிங், கெரட்டின் போன்ற, முடியை மென்மையாக்கும் சேவைகளுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். சனி, ஞாயிறுகளில் புக் செய்துவிட்டு வராமலேயே இருந்துவிடுகிறார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. ரத்துக் கட்டணம் வாங்கலாமா? இப்படி ஏமாற்றியவர்களின் பெயரையும் எண்ணையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம் என்று தோழி சொல்கிறாள். — மதுரை வாசகி

பதில்: ஸ்டேட்டஸ் வேண்டவே வேண்டாம். ஒருவர் வராதது உண்மையாகவே இருந்தாலும், 'ஏமாற்றுக்காரர்' என்று பெயரும் எண்ணும் போட்டு ஊருக்குக் காட்டினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு நாற்காலியை ஒதுக்கிவிட்டால் பிற்பகல் வரை அதில் வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது. இரண்டு ஹேர்கட், ஒரு ஃபேஷியலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அழகுக் கலைஞருக்கு அன்றைய சம்பளம் கொடுத்தாக வேண்டும். கடை வாடகையும் நிற்காது. 'வரவில்லை, அவ்வளவுதானே' என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒருவர் நேரத்தைப் பிடித்து வைத்துவிட்டு ஒரு மெசேஜ்கூட அனுப்பாமல் இருப்பது சரியான செயல் அல்ல.

ரத்துக் கட்டணம் தாராளமாக வாங்கலாம். ஆனால் முன்பணமாக வாங்குங்கள். வராமல் போனவரிடம் பிறகு வசூலிப்பது நடக்காத காரியம். நுகர்வோர் ஆணையம் நுகர்வோர் புகார் கொடுக்கும் இடம்; வாடிக்கையாளர் மேல் நீங்கள் அங்கே போக முடியாது. சிவில் நீதிமன்றம்தான் வழி. ரூ.800-க்காக அங்கே யார் போவார்கள்?

எவ்வளவு வாங்குவது என்று கேட்பீர்கள். ரூ.5,000 சேவைக்கு ரூ.1,000 வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. முழுத் தொகையையும் முன்பே வாங்கிக்கொண்டு 'திருப்பித் தர மாட்டோம்' என்று எழுதினால் அது இழப்பீடு என்ற எல்லையைத் தாண்டி அபராதமாகிவிடும். செலவாகாத கிரீமுக்கும் சேர்த்துப் பணம் பிடித்ததாக ஆகும்.

பணம் வாங்குவதற்கு முன் இதைத் தமிழில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே யுபிஐ விவரம் கொடுங்கள்: "24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தரப்படும். அதற்குப் பிறகு ரத்து செய்தாலோ வராவிட்டாலோ முன்பணம் ரூ.1,000 திரும்பக் கிடைக்காது. எங்கள் தரப்பில் ரத்து செய்தால் முன்பணத்தோடு அடுத்த முறைக்கு ரூ.1,000 தள்ளுபடி தருவோம்." மூன்றாவது வாக்கியம் உங்களுக்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. அதைப் படித்தவர்கள் முதல் இரண்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வராதவர்களில் பலர் மறந்துபோனவர்கள்தான். காய்ச்சலோடு படுத்திருப்பவரிடம் கட்டணம் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் கடைக்கு மறுபடியும் வர வேண்டியவர்.

கேள்வி: எங்களுக்கு நேர்ந்தது தலைகீழ். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மேக்கப் கலைஞர் "வர முடியவில்லை, மன்னிக்கவும்" என்று மெசேஜ் அனுப்பி, அட்வான்ஸ் ரூ.10,000-ஐயும் திருப்பிப் போட்டுவிட்டார். அவரிடம் பேசியிருந்தது ரூ.25,000. அவசரத்துக்கு வேறொருவரை ரூ.38,000 கொடுத்து அழைத்து வந்தோம். பணம் திரும்பி வந்துவிட்டதால் இனி எதுவும் கேட்க முடியாது என்கிறார்கள். — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கேட்க முடியும். அட்வான்ஸைத் திருப்பித் தந்தது, செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தந்தது மட்டுமே. ஒப்பந்தத்தை மீறியதால் உங்களுக்கு நேர்ந்த இழப்பு அப்படியே இருக்கிறது. ரூ.25,000-க்கும் ரூ.38,000-க்கும் உள்ள வித்தியாசம் ரூ.13,000. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி அதை நேரடியாகக் கேட்கலாம். அந்த இரவில் குடும்பம் பட்ட மன உளைச்சலுக்கும் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அவர் வராததற்கு விபத்து, மருத்துவமனை போன்ற உண்மையான காரணம் இருந்தால் ஆணையம் அதைக் கருத்தில் கொள்ளும். அன்று இரவு அதிகத் தொகைக்கு வேறு இடத்தில் ஒப்புக்கொண்டார் என்று தெரியவந்தால் நிலைமை வேறு.

இரண்டாவது கலைஞரிடம் ரசீது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். யுபிஐ பதிவு மட்டும் இருந்தால் எதற்காகக் கொடுத்த பணம் என்பதில் கேள்வி எழலாம். முதல் கலைஞர் "கணக்கு முடிந்தது என்று ஒரு மெசேஜ் போடுங்கள்" என்று கேட்டால் போடாதீர்கள். "ரூ.10,000 வந்து சேர்ந்தது. கூடுதல் செலவு ரூ.13,000 நிலுவையில் உள்ளது" என்று மட்டும் பதில் எழுதுங்கள். பழைய மெசேஜ்களை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் முன்கூட்டியே பேக்கப் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்து அழகுச் சேவை செய்யும் ஒரு செயலியில் ஹேர் ஸ்பா புக் செய்து, அரை மணி நேரத்தில் ரத்து செய்தேன். ரூ.100 பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் அவர்களே கடைசி நிமிடத்தில் ரத்து செய்தபோது எனக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. — சென்னை வாசகி

பதில்: இது நேரடியான விதிமீறல். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்றால்தான், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் பிடிக்கலாம். தான் தராமல் உங்களிடம் மட்டும் பிடிப்பது செல்லாது. புக் செய்யும்போது கட்டணத்தைத் தெளிவாகக் காட்டாமல் கடைசித் திரையில்தான் காட்டினார்கள் என்றால், அது 2023இல் வெளியான 'டார்க் பேட்டர்ன்' (வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் திரை உத்திகள்) வழிகாட்டு நெறிமுறைகளுக்கும் எதிரானது.

போன மாதம் அவர்கள் ரத்து செய்த ஆர்டர் எண், இந்த மாதம் பணம் பிடித்த ரசீது இரண்டையும் சேர்த்துச் செயலியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவரது பெயரும் தொடர்பு விவரமும் செயலியிலேயே இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அப்படி எதுவும் காணவில்லை என்றால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1915இல் புகார் பதியும்போது சேர்த்து அனுப்புங்கள்.