சர்க்கரை சென்சார்: நடுராத்திரி அலாரத்தை நம்பலாமா?

கேள்வி: இன்சுலின் போடும் என் அப்பாவுக்கு மேல்கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறோம். இரவு 2 மணிக்கு '58' என்று ஆப் அலறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 112! எது சரி?

பதில்: அந்த நேரத்தில் விரலையே நம்புங்கள். ஆனால் குத்தும் முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் தொட்ட விரல் என்றால் மீட்டர் கூட்டிக் காட்டும். நிஜமாகவே தாழ்ந்த சர்க்கரை அதில் மறைந்துபோகும்.

அப்பா சென்சார் ஒட்டிய பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறாரா? சென்சாரின் இழை ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை அளக்கிறது. உடம்பின் பாரம் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து எண் சரேலென இறங்கும். புரண்டு படுத்தால் தானே ஏறிவிடும். வரைபடத்தில் கிணறு வெட்டியது போன்ற பள்ளம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். அடுத்த சென்சாரை மறு கையில் ஒட்டுங்கள். ஒட்டிய முதல் நாளில் அளவு கொஞ்சம் முன்பின் இருப்பதும் சகஜம்.

வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

பெரிய தொல்லை இனிமேல்தான். ஆப்பில் உள்ள செயற்கை நுண்ணறிவுக்குப் படுக்கை தெரியாது. பொய்ப் பள்ளங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 'இரவில் சர்க்கரை தாழ்கிறது' என்று அது சொல்லலாம். அதைப் பார்த்து இரவு இன்சுலினைக் குறைத்தால் காலைச் சர்க்கரை எகிறும். அந்த இரவுகளின் விரல் அளவைத் தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் மாவுச்சத்தைக் கணக்கிடும் வசதியும் அப்படித்தான்: சாம்பாருக்கு அடியில் எவ்வளவு சாதம் என்று படத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் சாதத்தை எடை போட்டுப் பதியுங்கள். 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து.

கேள்வி: ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிய சென்சாரின் எண்ணை வாங்கிக் காட்டும் வாட்ச் வேறு, அதில் தவறில்லை.