சுண்ணாம்புப் பாறை நிலங்களில் கோடையிலும் ஆறு ஓட நிலத்தடி நீர்தான் காரணமா? சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை ஓடைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஆனால் நம் மலையின் பாறை வேறு வகை. அதனால் நம் ஆறுகளின் உயிர் இன்னும் மெல்லிய இழையில் தொங்குகிறது. ஓமலூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனக் குடும்பத்தில் பிறந்தவன், நிலவியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மழை விட்ட சில நாட்களுக்குள் நிலத்தின் மேலே வழிந்த தண்ணீரெல்லாம் ஓடி முடிந்துவிடும். அதன் பிறகும் ஓர் ஆற்றில் தெளிந்த நீர் வந்துகொண்டிருந்தால், மேலே அணையோ ஏரியோ பனிமலையோ இல்லாத இடத்தில், அது மண்ணுக்கு அடியிலிருந்து வரும் நீர்தான். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்கு மேலே நிற்கும்வரை நிலம் ஆற்றுக்குக் கொடுக்கும். மட்டம் படுகைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆற்று நீரை நிலம் குடித்துவிடும்.

கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் பெரிய அளவில் நடக்கிறது. மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. பாறையின் விரிசல்களில் இறங்கி அதைக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் மயிரிழை விரிசல் ஆள் நுழையும் குகையாகிவிடுகிறது. ஆந்திரத்தின் போரா குகைகள் இப்படி உருவானவைதான். அங்கே கோஸ்தனி ஆறு குகைப் பாறைகளினூடே பாய்கிறது.

குகைகள் பெரிதாக இருப்பதால் ஆற்றைக் கோடையில் காப்பாற்றுவது அவைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. குகை வழியாகப் போகும் நீர் வேகமாக ஓடித் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் குகைகள் நிரம்பி அழுத்தம் கூடும்போது, சுற்றியுள்ள பாறையின் நுண்ணிய விரிசல்களுக்குள் நீர் தள்ளப்படுகிறது. மழை நின்று குகையில் மட்டம் இறங்கியதும் அதே விரிசல்கள் நீரைத் திருப்பித் தருகின்றன. மாதக்கணக்கில் கசிந்து ஊற்றை நடத்துவது இந்தச் சிறு விரிசல்களின் சேமிப்புதான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

ஜெர்மனியில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. இம்மென்டிங்கன் ஊருக்கு அருகே டானூப் ஆறு தன் படுகையிலேயே உள்ளே இறங்கிவிடுகிறது. கோடையில் பல நாட்கள் படுகை முழுக்க வறண்டு கிடக்கும். 1877-இல் அடால்ஃப் நாப் என்ற அறிஞர் அந்த இடத்தில் பல டன் உப்பையும் பச்சையாக ஒளிரும் சாயத்தையும் கலக்கச் செய்தார். சுமார் இரண்டரை நாளில், 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆக் ஊற்றில் பச்சை நீர் உப்புக் கரிக்க வெளிவந்தது. டானூப் கருங்கடலுக்குப் போகிற ஆறு. ஆக் ஊற்றின் நீரோ ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. ஓர் ஆற்றின் நீர் இன்னோர் ஆற்றை வாழவைப்பதைச் சாயம் போட்டே காட்டிவிட்டார்.

இனி நம் ஊர். கருப்பூர்ப் பக்கம் வெள்ளையாகத் தெரியும் குன்றுகளைச் சுண்ணாம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள் என்றாலும் அது கடினப் பாறைகளுக்கு நடுவே ஓடும் பட்டைதான், பரந்த கார்ஸ்ட் நிலம் அல்ல. சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் எனும் கருங்கல். அது எளிதில் கரையாது, குகை விடாது. சிதையாத பாறைக்குள் நீர் தங்க இடமும் அநேகமாக இல்லை.

அப்படியானால் நம் ஓடைகளுக்கு நீர் எங்கிருந்து? ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் இறங்கி நின்று, சாலைக்காக வெட்டிய சரிவைப் பாருங்கள். மேலே வேர்கள் தொங்கும் செம்மண். அடுத்து கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, நடுநடுவே உருண்டைக் கற்கள். அதற்கும் கீழே உளி ஏறாத கரும்பாறை. மக்கிய பாறையும் கரும்பாறையும் சேரும் கோட்டில் ஈரம் கசியும், பாசி படிந்திருக்கும், ஒரு விரிசலில் நீர் கம்பி போல இறங்கிக்கொண்டிருக்கும். மழை விட்டு வாரங்கள் ஆன பிறகும் அது நிற்காது. நம் மலையின் நீர்த்தொட்டி முழுவதும் அந்தச் சில மீட்டர் கனத்தில்தான் இருக்கிறது. உச்சிகளில் பாக்சைட் எனும் அலுமினியத் தாது படிந்த துளை நிறைந்த மேற்பரப்பு மழையை உறிஞ்சி மெல்ல விடக்கூடியது. பல பத்தாண்டுகள் அதைத்தான் வெட்டி எடுத்தோம். அது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த மலைச் சரிவில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகும் சரபங்கா இப்போது பெருமழைக்கு ஓடும், பிறகு மணலாய்க் கிடக்கும். மலையில் மழை குறைந்ததை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. சமவெளியில் திறந்த கிணறுகளின் ஊற்றுக்கண் அடைந்தபோது கிணற்றுச் சுவரில் பக்கவாட்டாகத் துளையிடும் சைடு போர் போட்டோம். அதுவும் போதாமல் திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் வந்தன. இன்று ஆயிரம் அடி என்பது சாதாரணப் பேச்சு. மக்கிய பாறையின் நீர் அந்த ஆழத் துளைகளுக்கு வடிந்துவிட்டால் படுகைக்குக் கசிய எதுவும் மிஞ்சாது. ஆற்றங்கரையில் மோட்டார் போடுகிறவர், ஆற்றில் மோட்டாரை இறக்காவிட்டாலும், ஆற்று நீரைத்தான் இறைக்கிறார்.

திருமணிமுத்தாற்றில் கோடையிலும் நீர் ஓடுகிறதே என்று கேட்கலாம். சேலத்தைத் தாண்டி அதில் ஓடுவதில் பெரும்பங்கு நகரத்தின் கழிவுநீர். அதை ஊற்று நீரின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உங்கள் ஊர் ஓடையை நீங்களே சோதிக்கலாம். பிப்ரவரியில், ஊருக்கு மேலே சாக்கடை கலக்காத இடத்தில், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் ஓடை நீரையும் பக்கத்துக் கிணற்று நீரையும் அளந்து பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீர். பிறகு கொத்தனார் பயன்படுத்தும் மட்டக் குழாயைக் கொண்டு, கிணற்று நீர்மட்டம் படுகையைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே என்று பார்த்து ஒவ்வொரு மாதமும் குறித்து வையுங்கள். மட்டம் படுகைக்குக் கீழேயே இருந்தால் தடுப்பணை கட்டுவதால் கிணறு ஊறும், அது நல்லதுதான். ஆனால் ஓடை மீண்டும் ஓட அந்த மட்டம் படுகையைத் தாண்டி ஏற வேண்டும். அதற்கு இறைப்பைக் குறைக்காமல் வழியில்லை.