காலைப் பதிவும் மதியப் பதிவும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: தருமபுரி பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக் 293 மனிதச் செல்களில், ஹெர்க் என்ற பொட்டாசியம் சேனல் (செல் சவ்வில் அயனி போகும் வாயில்) வழியாகப் பாயும் மின்னோட்டத்தைப் பேட்ச் கிளாம்ப் முறையில், அதாவது செல்லோடு ஒட்டவைத்த நுண்ணிய கண்ணாடிப் பைப்பெட் வழியாக, பதிவு செய்கிறேன். காலை 8 மணிக்கு மின்னோட்டம் மெல்ல அடங்குகிறது; மதியம் 2 மணிக்குச் சட்டென்று அடங்கிவிடுகிறது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், அது சேனலைத் தடுக்கும் அளவும் மாறுகிறது. செல் கெட்டுவிட்டதா? கரைசலைச் சூடாக்கும் ஹீட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு டீலர் இரண்டு லட்சத்துக்கு மேல் கொட்டேஷன் தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: செல் கெடவில்லை அம்மா. அறைதான் சுடுகிறது. டீலருக்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மெல்லிய வெப்பமானி முனை ஒன்றைப் பாத்தில் (செல் இருக்கும் கரைசல் தொட்டியில்), செல்லுக்குப் பக்கத்தில் வைத்து, காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை குறித்து வையுங்கள். ஏ.சி. இல்லாத அறையென்றால் மார்ச் மாதத்திலேயே காலை 23, மதியம் 33 என்று காட்டினால் ஆச்சரியப்படமாட்டேன்.

அந்தப் பத்து டிகிரிதான் உங்கள் வில்லங்கம். திறந்த சேனல் வழியாக அயனி பாயும் அளவு பத்து டிகிரிக்கு ஒன்றரை மடங்குக்குள்தான் கூடும். சேனல் திறந்து மூடும் வேகமோ மூன்று மடங்கு அளவுக்குக் கூடிவிடும். நீங்கள் பார்த்த ‘மெல்ல’வும் ‘சட்டென்று’வும் இதுதான். எரித்ரோமைசின் ஹெர்க்கைத் தடுப்பதும் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த பாத்தில் அதன் தடுக்கும் வலிமை குறைவாகவே தெரியும். மருந்து விதிமுறைகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.ஹெச். அமைப்பின் 2022 மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டுதல் ஹெர்க்கை 35 முதல் 37 டிகிரிக்குள் பதியச் சொல்வது இதனால்தான். ஆகவே உங்களுக்கு ஹீட்டர் தேவை. ஆனால் அவர் விற்கும் ஹீட்டர்தானா என்பது வேறு கேள்வி.

என் கதையைச் சொல்கிறேன். நான் வாங்கிய முதல் கருவியின் திரையில் எப்போதும் 37 ஒளிரும். வெப்ப உணரி இருந்தது ஹீட்டரின் வாயில். அங்கிருந்து குழாய் வழியாகக் கரைசல் செல்லுக்கு வந்து சேர்வதற்குள் 31 ஆகிவிடும். நான்கு மாதப் பதிவுகளைத் தூக்கிப்போட்டேன். இன்றும் இப்படி விற்கிறார்கள். மீன்தொட்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டி வருவதையும் பார்த்திருக்கிறேன். அது நின்று நின்று எரியும். ஒவ்வொரு முறை எரியும்போதும் பதிவில் ஒரு குத்து விழும். டீலரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். பாத்துக்குள் வைக்கும் உணரியை வைத்துக் கட்டுப்படுத்துமா? ஹீட்டருக்கு டி.சி. மின்சாரமா? உங்கள் மேசையில், உங்கள் பெர்ஃப்யூஷன் (கரைசல் ஓட்டம்) வேகத்தில், மதியம் 2 மணிக்கு ஓட்டிக் காட்டுவாரா? மூன்றாவதற்குத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கல்லூரிக் கொள்முதலில் எல்-1 என்று மிகக் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் போகும். நிதி பிப்ரவரியில் வரும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு கேட்பார்கள். யாருக்கு இது வசதி? பெட்டியைக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் போனை எடுக்காதவருக்குத்தான். ‘பாத் உணரி கட்டாயம், செயல்விளக்கம் கட்டாயம்’ என்று தொழில்நுட்ப விவரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வழிகாட்டியாலும் எதுவும் செய்ய முடியாது.

எல்லாரும் 37-க்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. சோடியம் சேனலுக்கு விலக்கு உண்டு. ‘அறை வெப்பமே போதும்’ என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால் அது இங்கிருந்து வந்த பேச்சாகத்தான் இருக்கும், அதனால் விளக்கிவிடுகிறேன். சோடியம் சேனல் ஒரு மில்லிசெகண்டுக்குள் திறந்துவிடும். சூட்டில் இன்னும் வேகம், இன்னும் பெரிய மின்னோட்டம். பைப்பெட் முனையில் 5 மெகாஓம் தடை, 5 நானோஆம்பியர் மின்னோட்டம் என்றால் 25 மில்லிவோல்ட் பிழை. நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் மின்னழுத்தம் செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் சோடியம் சேனலைப் பதிபவர்கள் வேண்டுமென்றே 20–22 டிகிரியில், வெளிக் கரைசலில் சோடியத்தைக் குறைத்துப் பதிகிறார்கள். ஆனால் அந்த ‘அறை’ நம் அறை அல்ல. மே மாதத் தருமபுரியில் 22 வேண்டுமென்றால் ஹீட்டர் உதவாது, குளிர்விப்பான் வேண்டும். உங்கள் ஹெர்க்குக்கு இந்த விலக்கு இல்லை.

இனி கரைசல். பிஹெச்சை நிலைநிறுத்தச் சேர்க்கும் ஹெப்பிஸ் உள்ள கரைசலின் பிஹெச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.014 இறங்கும். 25-ல் 7.4 வைத்தால் 37-ல் 7.2 பக்கம் வந்துவிடும். ஹெப்பிஸுக்குப் பதில் ட்ரிஸ் என்றால் இதைப் போல் இருமடங்கு இறக்கம். பதிவு செய்யும் சூட்டிலேயே பிஹெச் பாருங்கள். கரைசலை முன்கூட்டியே 40 டிகிரி வரை சூடாக்கி, கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். இல்லையேல் ஹீட்டரில் குமிழி கிளம்பி, பைப்பெட்டும் செல்லும் இறுக்கமாக ஒட்டிய நல்ல சீல் ஒன்றைப் பறித்துக்கொண்டு போகும். சூடான பாத் ஆவியாவதால் ஆஸ்மோலாரிட்டி (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு) ஏறும். பெர்ஃப்யூஷனை நிறுத்தி வைக்காதீர்கள். பைப்பெட்டுக்குள் நிரப்பும் உள் கரைசலில், சூட்டில் சிதையும் ஏ.டி.பி. இருப்பதால் அதை உறைநிலையில் சிறு பங்குகளாக வைத்து, சிரிஞ்சை ஐஸ் மேல் வையுங்கள். கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்த பங்கை எடுக்கவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரிக் கடையில் ‘டபுள் டிஸ்டில்டு’ என்று விற்கும் கேனை வாங்காதீர்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் கேனில் ஃபுளோரைடு எவ்வளவு மிச்சம், எவ்வளவு கால்சியம் என்று யாரும் அளந்து தரப்போவதில்லை. செல்லுக்குள் தனியாகத் திரியும் கால்சியமோ 100 நானோமோலார் அளவுதான்; தண்ணீரில் வரும் கால்சியம் அதைக் குலைக்கலாம். 18.2 மெகாஓம்-செ.மீ. என்ற மிகத் தூய நீர் தரும் இயந்திரம் உள்ள ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் வாரத்துக்கு ஒருமுறை பிடித்து வாருங்கள்.

பழைய பதிவுகளில், ஒரே செல்லில் மருந்துக்கு முன்னும் பின்னும் சில நிமிட இடைவெளியில் எடுத்தவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். அந்த நேரத்தில் பாத் எத்தனை டிகிரி இருந்திருக்கும் என்று உங்கள் வெப்பமானிக் குறிப்பைக் கொண்டு மதிப்பிட்டு, அது மதிப்பீடுதான் என்பதையும் எழுதி வழிகாட்டியிடம் காட்டுங்கள். காலையில் ஒரு செல், மதியம் வேறொரு செல் என்று ஒப்பிட்டவற்றை மட்டும் புதிதாக எடுத்துத்தான் ஆக வேண்டும்.