ஸ்கேன் செய்த பழைய தோட்டச் சஞ்சிகையில் ‘தேயிலை’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லையா?

மறுபடி ஸ்கேன் பண்ண வேண்டாம். ‘தேயிலே’ என்று தேடிப் பாருங்கள். அனேகமாக வரும்.

ஹட்டன் வாசிகசாலையில் நீங்கள் ஏற்றியவை 1960களின் இதழ்கள் என்கிறீர்கள். அப்போதைய அச்சில் லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்த கோடு போட்ட பழைய எழுத்து. (தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே 1978இல்தான்.) எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள், OCR) அந்தத் தும்பிக்கையை ஏகாரமாக வாசித்துவிடும்: மலை ‘மலே’, தலைவர் ‘தலேவர்’. றா-வுக்கும் அப்போது வேறு வடிவம், அதை ‘ரு’ என்று வாசிக்கும்: என்றால் ‘என்ருல்’ ஆகிவிடும்.

உறுதிப்படுத்த, பிடிஎஃப்பில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். மேலே சொன்ன மாதிரி வந்தால் இதுதான் கோளாறு. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் மொழித்தெரிவில் தமிழ் இல்லாமல் எழுத்துணரியை ஓட்டியிருக்கிறீர்கள். தமிழைத் தெரிவு செய்து திரும்ப ஓட்டுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உள்ளே உரையே இல்லை, வெறும் படம்.

திருத்தும்போது ‘லே’ எல்லாவற்றையும் ‘லை’ ஆக்கிவிடாதீர்கள், ‘மேலே’ ‘மேலை’ ஆகிவிடும். இல்லே, வேலே, தேயிலே என்று சொல் சொல்லாகப் பட்டியல் போட்டு மாற்றுங்கள். திருத்திய உரையைத் தனிக் கோப்பாக வைத்துத் தேடலை அதில் ஓடவிடுங்கள். மூலப் படத்தில் கை வைக்க வேண்டாம்.

இனி எடுக்கும் இதழ்களுக்கு 300 டிபிஐ, சாம்பல் நிறம். ஈரத்தில் புள்ளி விழுந்த தாள் என்று ‘புள்ளி நீக்கு’ வசதியைப் போட்டால் பூஞ்சணத்தோடு மெய்யெழுத்தின் புள்ளியும் போய்விடும்.