அலமூத் அடிவாரத்துச் சிற்றூரும் சொர்க்கத் தோட்டக் கதையும்

வணக்கம். ஈரானின் காசோர்கான் சிற்றூரைப் பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில், ஷியா இஸ்லாத்தின் ஒரு பிரிவான இஸ்மாயிலியரின் தலைவராக அலமூத் கோட்டையை ஆண்ட ஹசன் சபாஹ் தம் வீரர்களை மயக்கிவைத்த சொர்க்கத் தோட்டம் அங்கேதான் இருந்தது என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அவ்வாறு எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தக் கதையை உலகறியச் செய்தவர் மார்க்கோ போலோ. அவர் பாரசீகத்தைக் கடந்தது 1270களில். ஊருக்கு மேலே பாறை உச்சியிலுள்ள அலமூத் கோட்டையோ 1256இலேயே மங்கோலியரிடம் வீழ்ந்துவிட்டது; எனவே அவர் அத்தோட்டத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இதைவிட வலுவான சான்று, கோட்டையை வென்ற மங்கோலியப் படைத்தலைவர் ஹுலாகுவுடன் வந்த வரலாற்றாசிரியர் ஜுவைனியின் எழுத்து. இஸ்மாயிலியரைக் கடுமையாக வெறுத்த அவர், கோட்டை நூலகத்தைத் தாமே பார்வையிட்டுக் குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு மற்ற நூல்களை எரித்ததையும், பாறையில் குடையப்பட்ட நீர்த்தொட்டிகளையும் களஞ்சியங்களையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தோட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பகைவரை இழிவுபடுத்தக் கிடைத்த இப்படியொரு செய்தியை அவர் விட்டிருக்க மாட்டார்.

அந்த மண்ணுக்கே உரிய கதை வேண்டுமானால், கழுகின் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். வேட்டைக்கு வந்த, வட ஈரானின் தைலம் மலைநாட்டு மன்னர் ஒருவரின் கழுகு பறந்துபோய் அப்பாறையில் அமர, இடத்தின் அருமையை உணர்ந்த அவர் அங்கே கோட்டை எழுப்பினாராம். கழுகு கற்பித்த இடம் என்பதே அலமூத் என்ற பெயரின் பொருளாம். எனக்கு மிகவும் பிடித்த பெயர்க்காரணம் இது.

நீங்கள் இணைத்துள்ள படத்தில் இருப்பவை அவ்வூர்க் குடியானவர்களின் செர்ரித் தோப்புகள். படக்குறிப்பில் அவ்வாறே எழுதுங்கள்.