சொன்னதைக் கேட்கிற குதிரை, பிடித்துத்தான் கேட்கிறதா?

கேள்வி: சவாரி வகுப்பில் எனக்குத் தரும் குதிரை சொன்னதையெல்லாம் செய்கிறது. விரும்பிச் செய்கிறதா, வேறு வழியில்லாமல் செய்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சொன்னபடி கேட்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். காலால் விலாவை அழுத்துகிறோம், அது நடந்ததும் அழுத்தத்தை விடுகிறோம்; லகானை இழுக்கிறோம், நின்றதும் தளர்த்துகிறோம். குதிரையைப் பழக்குவது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆக அது நடப்பது நம்மேல் பாசத்தால் அல்ல, அந்த அழுத்தம் போகட்டும் என்றுதான். இதைக் கொடுமை என்று சொல்ல வரவில்லை, லேசாக அழுத்திச் சரியான நொடியில் விட்டால் பதற்றமில்லாமல் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு விருப்பம் என்று பெயர் வைக்க முடியாது.

சரி, குதிரையிடமே கேட்க முடியுமா? முடியும். நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் உள்ள குறிகளை மூக்கால் தொட்டு, போர்வை போடு, எடு, அப்படியே விடு என்று சொல்லப் பழக்கினார்கள் (2016-ல் வெளியான ஆய்வு). மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன, வெயிலில் எடுக்கச் சொல்லின. 2009-ல் வந்த இன்னொரு ஆய்வில், கழுத்தை நெஞ்சோடு மடக்கிப் பிடிக்கும் சவாரிக்கு ஒரு பாதை, சாதாரண சவாரிக்கு ஒரு பாதை. 15 குதிரைகளில் 14 சாதாரணப் பாதைக்கே அதிகம் போயின. ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு பாதையிலும் சவாரி உண்டு. வேண்டாம் என்று சொல்லப் பாதையே இல்லை.

அந்தப் பாதையை நீங்கள் கொடுத்துப் பாருங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, வேலி போட்ட இடத்தில் கயிறில்லாமல் விட்டு, சேணத்தோடு போய் நில்லுங்கள். வருகிறதா, நிற்கிறதா, விலகுகிறதா? கையில் கேரட் வேண்டாம், இருந்தால் அது கேரட்டைத்தான் தேர்ந்தெடுக்கும் (கூலி கேட்பது நியாயம்தான், ஆனால் அது வேறு கேள்வி). விலகினால் அதட்டாதீர்கள். காதைப் பின்னால் மடித்து, வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வந்தால் முதலில் வலியைத் தேடுங்கள்: சேணம் பொருந்துகிறதா, முதுகு, பல், வயிற்றுப் புண். 'திமிர்' என்று சொல்வதெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகு இருக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது, வரவும் வராமல் விலகவும் விலகாமல் வெறித்தபடி நிற்கும் குதிரை. "ரொம்ப சாது" என்று புதியவர்களுக்குக் கொடுப்பது பல நேரம் அதைத்தான். உங்களுடையது அப்படி நின்றால், ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சுமக்கிறது, மற்ற குதிரைகளோடு வெளியே திரிய விடுகிறார்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.